மூக்கால் பாடிய பெட்டி

வலையபட்டிக்காரனிடம் எந்த வாத்தியத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது கடைசியில் தவிலில்தான் வந்து விழும். பியானோவா? அது படுத்துக் கிடக்கும் தவில். டிரம்ஸா? தவிலைக் கூறு போட்டு ஒவ்வொரு கூறுக்கும் கால் முளைக்க வைத்தது. தவில் வித்வான் வலையபட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியத்துக்கு மியூசிக் அகாடமி 2009ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி பட்டத்தைக் கொடுத்த பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. தமிழ்நாட்டில் வலையபட்டி என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. பெருமை என்று வந்துவிட்டால் எந்த வலையபட்டி என்று நாங்கள் விசாரிப்பதில்லை.

சிந்தசைசர் என்ற மின்சாரப் பெட்டி சினிமாவுக்குள் புகுந்த கதையை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாக: “ஏப்பா, அந்தப் பொட்டிக்குத் தோலு உண்டா?”

“இல்ல அப்பத்தா.”

“சீவாளி?”

“அதுவும் இல்ல.”

“அப்ப வெயிலுக்கும் மழைக்கும் எதுதான் மாறும்? எதுவுமே மாறாட்டி அது என்ன வாத்தியம்?”

பெட்டியைத் தயாரித்த பொறியாளர்கள் இருபது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்தக் கேள்விக்காகத்தான். மாறாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் பாடுபட்டார்கள். பெட்டி மாறிக்கொண்டே இருந்தது. மாறியதால்தான் நாம் கேட்டோம்.

கதையைக் காரைக்குடியிலிருந்தே தொடங்குகிறேன். சினிமா இசை என்பது காதை ஏமாற்றும் தொழில், அதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூத்த பங்கு உண்டு. ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர். தட்டில் ஆள் இல்லாமலே குரல் வருவதைப் பார்த்துப் பழகியவருக்கு, படத்தில் குரல் இல்லாமலே ஆள் வந்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். 1938இல் ‘நந்தகுமார்’ எடுக்கும்போது நடிகையின் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்துப் பொருத்தினார். யுத்த காலத்தில் ஸ்டூடியோவையே தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி, காதில் விழுந்தவர் பி.ஏ.பெரியநாயகி. முருகனுக்கே தெரிந்திருக்காது, தான் மணந்தது யார் குரலை என்று.

ஆளுக்குத் தொண்டை மாற்றலாம் என்று ஆன பிறகு, வாத்தியத்துக்குத் தொண்டை மாற்ற எத்தனை நாள் ஆகும்?

அதே 1945இல் ஹாலிவுட்டில் ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்துக்கு மிக்லோஷ் ரோஸா தெரமின் என்ற வாத்தியத்தைக் கொண்டுவந்தார். தொடவே வேண்டாம், காற்றில் கையை ஆட்டினால் போதும். திருஷ்டி கழிப்பதுபோல் ஆட்ட வேண்டும், அது அழும். ஆஸ்கார் கொடுத்தார்கள். 1951இல் வேற்றுக்கிரகவாசி வந்திறங்கும் படம் ஒன்றுக்குப் பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின்களை ஒன்றாக அழவிட்டார். அதிலிருந்து வேற்றுக்கிரகத்துக்காரர்கள் எல்லோரும் தெரமினோடுதான் பூமிக்கு வந்தார்கள்.

இதைவிட ருசியானது 1956இன் ‘ஃபார்பிடன் பிளானட்’. லூயி பாரன், பீபி பாரன் என்று ஒரு தம்பதி. கணவர் வால்வுகளை வைத்துச் சர்க்யூட் கட்டுவார். தாங்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைக் கொடுப்பார். சர்க்யூட் முனகும், அலறும், கடைசியில் கருகிச் செத்துப்போகும். அந்த மரண ஓலத்தை டேப்பில் பிடித்து வைத்துக்கொண்டு, வெட்டி ஒட்டி, படத்துக்கு இசையாக்கிவிட்டார்கள். செத்த சர்க்யூட் மறுபடி அதே ஓலத்தைப் போடாது, அதனால் ஒரே டேக். இசைக் கலைஞர் சங்கம் கொதித்தது. சங்கத்தில் சந்தா கட்டாத ஒன்று வாசித்ததை இசை என்று எப்படி ஒப்புவது? டைட்டிலில் ‘இசை’ என்ற சொல்லே வரவில்லை. ‘மின்னணுத் தொனிகள்’ என்று போட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சண்டையை நாம் பார்த்திருக்கிறோம். வாத்தியத்துக்கே அது நடந்தது அமெரிக்காவில்தான்.

தமிழ் சினிமாவிலும் பறக்கும் தட்டு இறங்கியிருக்கிறது. 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’. அதில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் எதற்கு வருகிறார்கள் தெரியுமா? தங்கள் ஊரில் சங்கீதம் சொல்லித்தர ஆள் இல்லையாம். அதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஹாலிவுட்டுக்கு வந்தவன் தெரமினோடு வந்தான், நம்மிடம் வந்தவன் பாட்டு டீச்சர் தேடி வந்தான். இதற்கு மேல் ஒரு நாகரிகத்துக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

இனிப் பாம்புக்கு வருவோம்.

1954இல் ‘நாகின்’ இந்திப் படம். ஹேமந்த் குமார் இசை. அந்த மகுடிச் சத்தத்தைக் கேட்காத இந்தியக் காது கிடையாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில், கல்யாண ஊர்வலத்தில், கைக்குட்டையின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு தரையில் புரளும் சித்தப்பாக்களின் நடனத்தில், எங்கும் அதுதான். அது மகுடி இல்லை. கிளாவியோலின் என்ற பெட்டி. 1947இல் பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் செய்தது. வாசித்தவர் கல்யாண்ஜி, பிற்காலத்தில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி என்ற இரட்டையரில் முன்பாதி. பாம்பாட்டி ஒருவரைக்கூடக் கூப்பிடாமல் நாட்டின் மொத்தப் பாம்புக் கணக்கையும் ஒரு பிரெஞ்சுப் பெட்டி எழுதி வாங்கிக்கொண்டது.

எப்படி முடிந்தது? உள்ளே ஒரு பங்காளிச் சண்டை நடக்கிறது. வால்வின் இரண்டு பாதிகள். ஒன்று பேச ஆரம்பித்தால் மற்றதன் வாயை அடைக்கும். அடைபட்டது மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப எழுந்து முதல் பாதியின் வாயை அடைக்கும். இப்படி விநாடிக்குப் பல நூறு தடவை. சமாதானம் என்பதே கிடையாது, பாகப்பிரிவினையும் ஆகாது. இதற்கு மல்டிவைப்ரேட்டர் என்று பெயர். இந்த அடைப்பும் திறப்பும் வழவழப்பாக நடக்காமல் பட் பட்டென்று வெட்டி நடப்பதால், சத்தத்தின் ஓரம் ரம்பம்போல் இருக்கும். மகுடிக்குள்ளே நாணல் நாக்கும் இதைத்தான் செய்கிறது, காற்றை அடைத்து அடைத்துத் திறக்கிறது. வேலை ஒன்றானபோது குரலும் சாடையில் ஒன்றானது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். முழங்காலால் ஒரு தண்டைத் தள்ளினால் சத்தம் ஏறி இறங்கும். பாம்புக்கு வெளிச்செவி கிடையாது. அது மகுடியின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்கிறார்கள். ஆகவே இந்த மோசடியில் பாம்பு ஏமாறவில்லை, நாம் மட்டும்தான். 1979இல் தமிழில் ‘நீயா’ வந்தபோது இச்சாதாரி நாகம் என்ன சத்தத்துக்குப் படமெடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்பே வழக்கு தீர்ந்துவிட்டிருந்தது.

வால்வுக் காலம் போய் டிரான்சிஸ்டர் காலம் வந்தபோது அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற மனிதர் வந்தார். தன் பெயரை ‘மோக்’ என்று சொல்ல வேண்டும் என்பது அவர் தரப்பு. தமிழில் நாம் மூக் என்றுதான் எழுதுகிறோம், அதுதான் பொருத்தமும். அவர் செய்த பெட்டி மூக்கால் பாடும்.

காரணம் ஒரு ஏணி. மூக் வடிவமைத்த ஃபில்டர் சர்க்யூட்டைத் தாளில் வரைந்தால், ஜோடி ஜோடியாக டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், நடுவில் கண்டென்சர்கள் படிகளாக இருக்கும். நாலு படி. 1969இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. கீழே ரம்பம்போல் முரட்டுச் சத்தத்தை விட்டால் ஒவ்வொரு படியும் மேல்பக்கத்துக் கீச்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும். நாகஸ்வரக்காரர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சீவாளியை ஆளுகிற மாதிரி, இங்கே ஒரு குமிழைத் திருகினால் போதும். வெளியே வந்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்து ஊட்டினால் சத்தம் மூக்கடைத்துப் பேசும். இன்னும் ஊட்டினால் தானாகவே விசில் அடிக்கும். டிரான்சிஸ்டர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டால் அவற்றால் செரிக்க முடியாது, சத்தம் இலேசாகக் கருகும். மோர்க்குழம்பு அடிப்பிடித்தால் தூக்கிக் கொட்டலாம். இந்தக் கருகலுக்கு உலகமே தட்டை நீட்டியது.

இந்தப் பெட்டிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு வோல்ட் ஏற்றினால் ஒரு ஸ்தாயி ஏறும். கேட்பதற்கு அழகு. தமிழ்நாட்டு மின்சாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாக்கியம் எத்தனை பயங்கரமானது என்று விளங்கும். 230 என்று எழுதியிருக்கும் இடத்தில் 170 வந்து, திடீரென்று 260 ஆகி, பல்பு போய்விட்டு வரும் ஊரில், ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி! நல்லவேளையாக உள்ளே மின்சாரத்தைச் சீர்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. ஆனால் வெயிலைச் சீர்படுத்த ஆள் இல்லை. வோல்ட்டைச் சுரமாக்கும் டிரான்சிஸ்டருக்குச் சூடு ஏறினால் கணக்குத் தப்பும். ஈடுகட்டாமல் விட்டால் பத்து டிகிரி ஏற்றத்தில் ஒரு ஸ்தாயி மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்கிப்போகும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் நாற்பது பங்கு காணாமல் போகிறது. சித்திரை மாதம் எங்கள் முகப்புத் திண்ணையில் அந்தப் பெட்டியை வைத்துக் கல்யாணி வாசித்தால், மத்தியானத்துக்குள் அது எந்த மேளகர்த்தாவிலும் சேராத ஒன்றாகிவிடும்.

அப்பத்தா கேட்டதற்குப் பதில் இதுதான். தோல் இல்லை, சீவாளி இல்லை. வெயிலுக்கு மாறுவது சிலிக்கன்.

மூக்கின் பெரிய பெட்டி ஒன்று இந்தியாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சினிமாவுக்கு இல்லை, சென்னைக்கும் இல்லை. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் அதை வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். சிலர் அதில் அற்புதமாகச் சோதனைகள் செய்து டேப்பில் பதிந்தார்கள். பிறகு டேப்புகள் அலமாரிக்குப் போயின. ஐம்பது வருஷம் கழித்துத்தான் உலகம் கேட்டது. கோடம்பாக்கத்தில் விட்டிருந்தால் ஒரே வாரத்தில் அதை வைத்து மூன்று பேய், இரண்டு காபரே, ஒரு கனவுக் காட்சி முடித்திருப்பார்கள்.

1970இல் கையில் தூக்கிப் போகும் அளவுக்கு மினிமூக் வந்தது. மும்பையில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கெர்சி லார்டு. நம் ஆட்களை அது மயக்கியதற்குக் காரணம் ஒரு சின்ன கண்டென்சர் என்பது என் கட்சி. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இலிருந்து முப்பது வருஷம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது, கமகம் வராது என்று. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு அது தாண்டித்தான் போகும், இழைந்து போகத் தெரியாது. மினிமூக்கில் ஒரு குமிழைத் திருகினால் வோல்டேஜ் ஒரு கண்டென்சரில் மெதுவாக நிரம்பி மெதுவாக வடியும். சுரம் வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரமும் உண்டு. அமெரிக்காக்காரன் வேடிக்கைக்கு வைத்ததை நம்மவர்கள் ஜாரு என்று புரிந்துகொண்டார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

சரண்ஜித் சிங் கதை சொல்லாமல் தாண்டினால் பாவம். மும்பை சினிமாக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். 1982இல் மூன்று ரோலண்ட் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்து, பைரவ், யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டுப் போட்டார். மால்கௌன்ஸ் என்றால் நம் ஹிந்தோளம். யாரும் வாங்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துச் சிகாகோவில் அந்த மூன்றில் ஒன்றான பேஸ் பெட்டியை வைத்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்று ஒரு சங்கீதத்தைக் கண்டுபிடித்தார்கள். 2010இல் தட்டு மறுபடி வெளிவந்ததும் வெள்ளைக்காரர்கள் வந்து, “ஐயா, நீங்கள் முன்பே செய்துவிட்டீர்களே” என்றார்கள். அவர் வாங்கிய பெட்டிகளில் ஒன்று டிஆர்-808 தாளப்பெட்டி. அதன் தயாரிப்பாளர் காகேஹாஷி, அதற்கென்றே பழுதான டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டார். நல்ல டிரான்சிஸ்டர் போட்டால் அந்தச் ‘சுர்’ வரவில்லையாம். காலப்போக்கில் டிரான்சிஸ்டர் தயாரிப்பு திருந்திவிட்டது, சொத்தை கிடைக்காமல் போனது, 1983இல் பெட்டியை நிறுத்தினார்கள். கத்தரிக்காய்ச் சந்தையில்கூடச் சொத்தை தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதில்லை.

ஹாலிவுட்டின் உச்சம் 1982இன் ‘பிளேட் ரன்னர்’. வான்ஜலிஸ் வாசித்த யமஹா சிஎஸ்-80 சுமார் நூறு கிலோ. தூக்க நாலு ஆள், நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு ஐந்தாவது ஆள். எட்டுக் குரல்களில் பாடும், எட்டும் ஒரு சுருதியில் நிற்காது. இலேசாகப் பிசகிப் பிசகி ஒன்றையொன்று உரசும். அந்த உரசலைத்தான் விமர்சகர்கள் ‘எதிர்காலத்தின் சோகம்’ என்று எழுதினார்கள். எனக்குக் கேட்டால் அது வெயில்காலத்துச் சோகம்.

சென்னைக்கு வருவோம். இங்கே மறுபடி எங்கள் பக்கத்து ஆட்கள். 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்த பஞ்சு அருணாசலம் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். ‘பிரியா’ 1978; திரைக்கதை எழுதியவர் அதே பஞ்சு, இயக்கிய எஸ்.பி.முத்துராமன் காரைக்குடியில் பிறந்தவர். பாட்டை ஸ்டீரியோவில் பதிந்தார்கள், தென்னிந்தியாவில் அது புதுசு. கதை நடப்பது சிங்கப்பூரில். செட்டிநாட்டுக்காரர் படமெடுத்தால் கப்பல் ஏறாமல் முடியாது. இளையராஜாவும் கீபோர்டு தெரியாதவர் இல்லை. இசையமைப்பாளராகும் முன் மற்றவர்கள் குழுவில் கிட்டாரும் ஆர்கனும் வாசித்துப் பிழைத்தவர். எண்பதுகளில் அவர் அரங்கில் விஜி மேனுவல் கீபோர்டில் உட்கார்ந்தால், பேய்க்கும் அதே பெட்டி, முதலிரவுக்கும் அதே பெட்டி. குமிழ் மட்டும்தான் இடம் மாறும். நாற்பது வயலினுக்கு நடுவே கொஞ்சம் சுருதி நழுவும் ஒரு மின்சாரக் குரல். வயலின்காரர்களும் மனிதர்கள்தான், அவர்களும் கொஞ்சம் நழுவுவார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அதே காலத்தில் ஒரு வீட்டில் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. மலையாளப் பட இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976இல் இறந்தபோது மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. பணத்தை வட்டிக்கு விட்ட பரம்பரைகள் எங்களிடம் ஏராளம், சத்தத்தை வாடகைக்கு விட்டதை அங்கேதான் பார்க்கிறோம். அந்தப் பையன் சீக்கிரமே பெட்டியோடு சேர்ந்து தானும் ரெக்கார்டிங்குக்குப் போக ஆரம்பித்தான். இளையராஜா குழுவிலும் வாசித்தான். பிறகு ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார். மீதியை நீங்களே சொல்வீர்கள்.

எல்லாம் இன்பமயமாக நடக்கவில்லை. 1979இல் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் மின்னணுத் தம்பூராவைச் செய்தார். அந்த வழியில் வந்த சுருதிப் பெட்டிகள் எங்கள் கல்யாண மேளங்களில் ஏறி உட்கார்ந்தபோது, நாகஸ்வரத்துக்குப் பின்னால் நின்று மணிக்கணக்கில் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்த ஒத்துக்காரர் கீழே இறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான். பெட்டி சாப்பாடு கேட்காது, வேட்டி கேட்காது, பஸ் சார்ஜ் கேட்காது. கேட்காததாலேயே அதை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. உள்ளே ஏணியும் இல்லை, பங்காளிச் சண்டையும் இல்லை, எல்லாம் எண். வெயிலில் வைத்தாலும் மழையில் வைத்தாலும் சுருதி அப்படியே நிற்கும். 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் கணினி இசை என்ற பேச்சு வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே தயார் சத்தம். எந்தப் படத்தைத் திறந்தாலும் அதே மணி, அதே எலக்ட்ரிக் பியானோ. ஊரெல்லாம் ஒரே பந்தியில் ஊற்றிய சாம்பார். பழைய பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள்.

இருபது வருஷம் போனதும் ஞானம் பிறந்தது. இப்போது கணினிக்குள்ளேயே பழைய மூக்கையும் சிஎஸ்-80ஐயும் மென்பொருளாகச் செய்து விற்கிறார்கள். அதில் தனியாக ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள்: திருகினால் சுருதி கொஞ்சம் பிசகும், சூடானது போல நடிக்கும். புதுப்பலகையில் கரையான் ஓட்டை போட்டுப் பழைய பர்மா தேக்கு என்று விற்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். கரையானையே கம்ப்யூட்டரில் செய்வது புதுசு.

2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ரஹ்மான் எங்கள் ஊர்த் தவிலைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு ஒரு பாட்டுப் போட்டார். பாட்டு வந்த வருஷம் ஊரில் எல்லோர் செல்போனிலும் அதுதான். அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. தோலு நனைஞ்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்” என்றாக.

கடைசியாகச் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ உங்கள் அப்பச்சி கொண்டுவந்து பெட்டகசாலையில் போட்ட பழைய கீபோர்டு ஏதாவது கிடந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்பிக் கதவுக் கைப்பிடி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எடுத்தவுடன் பிளக்கிலும் செருகாதீர்கள். நாற்பது வருஷம் தூங்கிய கண்டென்சர் எழுந்ததும் வெடிக்கலாம். பழைய ரேடியோ ரிப்பேர் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருப்பார். முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.